பதினேழாம் கூண்டின் படுக்கை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி, அவளுடைய முழங்கால் வலி, என்னுடைய ரத்த அழுத்தம் எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நான் விசாரிக்கப்போவதில்லை. அந்த ஆஸ்பத்திரி வார்டில் ஒரு நாளைக்கு நாலு பேர் அதைத்தான் விசாரிக்கிறார்கள், ஐந்தாவதாக நானும் சேர்ந்து உன் உயிரை எடுக்க வேண்டாம்.

எலிக்கு மனச்சிதைவு வருமா, அதன் காதிலும் யாராவது பேசுவார்களா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். நான் வேலை பார்க்கும் எலிக்கூடத்தில் ஆராய்ச்சி செய்யும் மேடத்திடமே கேட்டேன். என் மகள் வயதுதான், ஆனால் கேள்வி கேட்டால் முகம் சுளிக்காத பெண். எலிக்கு அந்த நோய் வராதாம். நோய் உள்ளவர்கள் சிலரிடம் மாறியிருக்கும் ஒரு மரபணுவை எலியிடமும் மாற்றிவிட்டு, அதனால் அதற்கு எதெல்லாம் தடுமாறுகிறது என்று பார்க்கிறார்களாம். குரல் கேட்கிறதா என்று எலியிடம் விசாரிக்க முடியாது. அதனால் திடீர்ச் சத்தத்துக்கு எவ்வளவு துள்ளுகிறது, புது எலியை விட்டால் கிட்டே போகிறதா, தனக்குப் படுக்கை போட்டுக்கொள்கிறதா என்று பார்க்கிறார்கள். இந்தக் கடைசி விஷயத்தில்தான் உன் அண்ணன் தலையைக் கொடுத்தான்.

சாயங்காலம் ஒவ்வொரு கூண்டிலும் அழுத்திய பஞ்சு ஒரு சதுரம் வைப்போம். சாதாரண எலி விடிவதற்குள் அதைப் பிய்த்துக் கிண்ணம்போலக் கூடு கட்டிவிடும். மரபணு மாறியவற்றில் பல பாதியில் விட்டுவிடும், சில தொடவே தொடாது. காலை ஒன்பதுக்கு மேடம் வந்து படம் எடுத்து, ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார். எது எந்த வகை எலி என்று அவருக்கே தெரியாது, அந்தப் பட்டியல் வேறொருவர் பீரோவில் பூட்டிக் கிடக்கும். நான் ஆறு மணிக்கே தண்ணீர் பார்க்கப் போகிறவன். பதினேழாம் கூண்டு எலி மூலையில் வெறும் மரத்தூள்மேல் உட்கார்ந்திருக்கும், பஞ்சு வைத்தது வைத்தபடி கிடக்கும். முப்பது வருஷம் ஓட்டலில் அறை அறையாகப் படுக்கை விரித்தவன் நான், கலைந்த படுக்கையைக் கண்டால் என் கை என் பேச்சைக் கேட்காது. பாவம், படுக்கட்டும் என்று பஞ்சைப் பிய்த்து உதறி வட்டமாக வைத்துக் கொடுத்தேன். அதற்குச் செய்துவிட்டு ஒன்பதாம் கூண்டுக்குச் செய்யாமல் விட்டால் ஓரவஞ்சனை இல்லையா? இப்படியே மூன்று மாதம், பன்னிரண்டு கூண்டு. எனக்கு ஓய்வு பெற்றவன் என்று பேர்.

பட்டியலைத் திறந்து பார்த்தால், கூடு கட்டுவதில் மரபணு மாறிய எலிகள்தான் முதலிடம், சாதாரண எலிகள் அவற்றிடம் டியூஷன் படிக்க வேண்டும். மேடம் இரண்டு நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டுப் படங்களை மேசைமேல் பரப்பினார். பன்னிரண்டு கூட்டிலும் நட்டநடுவில், ஒரே அளவில், ஒரு பள்ளம். தலையணையைத் தட்டி வைத்து நடுவில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவது எங்கள் ஓட்டல் பழக்கம், உனக்குத் தெரியும்.

"எலிக்கு ஏதுங்க இவ்வளவு பெரிய கட்டைவிரல்?" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவா முடியும், ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை.

"அதுங்களுக்கு எது முடியலைன்னு பார்க்கத்தான் நாம இருக்கோம். நீங்க அதை மறைச்சிட்டா, நாளைக்கு மருந்து கொடுத்து அது வேலை செஞ்சுதான்னு நான் எதை வெச்சுச் சொல்லுவேன்?"

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது, தம்பி. மாதாமாதம் முதல் செவ்வாய், நீ தனியாக இருந்த மாடி அறையைப் பார்க்க நர்ஸ் வருவார் இல்லையா, அன்று காலை நீ நடக்கப் போனதும் இரண்டாவது சாவியைப் போட்டுத் திறந்து, படுக்கையை விரித்து, தட்டு கழுவி, சட்டையை மடித்து வைத்துவிட்டு வந்தவன் நான்தான். நீ கவனித்திருப்பாய், இந்த ஆளுக்கு இதில் ஒரு சந்தோஷம் என்று விட்டிருப்பாய். நர்ஸ் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினார், டாக்டர் மாத்திரையைக் குறைத்தார், இரண்டாம் மாதம் உன்னை நடுத்தெருவிலிருந்து கூட்டிக்கொண்டுபோய் வார்டில் சேர்த்தோம். நீ மாத்திரையைச் சாப்பிடாமல் ஏமாற்றிவிட்டாய் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சேர்ந்து சொன்னேன். நீ ஒழுங்காகத்தான் சாப்பிட்டிருக்கிறாய். அதைக் குறைக்க வைத்தது நான். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள், என் தசை அளவுக்கு மீறி ஆடிவிட்டது. என்னை மன்னித்துவிடு.

நேற்று டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை பழைய அளவுக்கே போகிறது. திங்கட்கிழமை உன்னை அறைக்கு அனுப்புகிறார்கள், நர்ஸும் கூடவே வருகிறார். நீ விட்டுப்போன கோலத்தில் அறை எப்படி இருக்கிறது என்று முதலில் எழுதிக்கொண்டு, அதிலிருந்து வாராவாரம் பார்ப்பார். நீ தனியாக இருக்கலாமா, எங்களோடு வந்து இருக்க வேண்டுமா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். எங்களோடு இருக்க உனக்கு இஷ்டமில்லை என்று எனக்குத் தெரியும், உன் அண்ணியின் குறட்டையைக் கேட்டவன் யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டான். "அதுவரைக்கும் ரூம்ல ஒரு துரும்பைக்கூட யாரும் தொடக் கூடாது" என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

ஆகவே அந்த இரண்டாவது சாவியை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். இனி உன் படுக்கை உன் பாடு. போடு, போடாமல் விடு, செருப்போடு ஏறி நட. எலிக்கூடத்திலும் ஒன்பதுக்கு முன் என்னை உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு. பதினேழாம் எலி மரத்தூள்மேல் உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு, கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. உனக்கு என் ஆசியும் அண்ணியின் ஆசியும். எலிகள் இப்போது என்னோடு பேச்சுவார்த்தையில் இல்லை.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: சாவியை உறையில் போடும் முன், கடைசியாக ஒரே ஒரு தடவை உன் அறைக்குப் போய் எட்டிப் பார்த்தேன். பார்த்துவிட்டு மட்டும் வரத்தான் நினைத்தேன். திங்கட்கிழமை நர்ஸுக்கு முன்னால் மாடி ஏறி, படுக்கையைக் கலைத்துவிடு. தலையணையை முதலில்.