மாமா காணாமற்போன செவ்வாய்க்கிழமை

அரியாலை,
வெள்ளிக்கிழமை, காலை 6.10

அன்புள்ள மச்சான் ஜெயரூபனுக்கு,

அத்தான் அருளம்பலம் எழுதிக்கொள்வது. நல்லூரான் புண்ணியத்தில் இங்கு நாங்கள் எல்லோரும் உயிருடன் இருக்கிறோம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உம்முடைய அப்பா, செல்வரட்ணம் மாமாவும் இருக்கிறார். கிணற்றடியில் பல் விளக்குகிற சத்தம் கேட்கிறது. அங்கு நீரும் தங்கச்சியும் மகள் லவீனாவும் என்னை மன்னிக்கக்கூடிய சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வட்ஸ்அப்பில் எழுதாமல் தபாலில் எழுதுவது ஏனென்றால், உம்முடைய அக்கா பத்மாவதி என் போனைப் பறித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

உமக்கும் மாமாவுக்கும் ஆறு வருடமாகப் பேச்சில்லை. மாமி தவறிய பிறகு நீர் வந்து அவரைக் கனடாவுக்குக் கூப்பிட்டதும், "என்னைப் பொதி கட்டி அனுப்பப் பாக்கிறியோ?" என்று அவர் கத்தியதும், நீர் கேற்றைக்கூடச் சாத்தாமல் போனதும் நான் பார்த்துக்கொண்டு நின்றவைதான். அதனால் அவருடைய சுகத்தை லவீனாதான் எனக்கு எழுதிக் கேட்பாள். பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எனக்கோ ஆங்கிலம் பஸ் டிப்போவில் நேரம் குறித்த அளவுக்குத்தான்: இன், அவுட், லேற். இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு பேத்திக்கு என்னத்தை எழுதுவது? ஆகவே அறுபத்துநாலு வயதில் நல்லூரில் ஒரு ரியூசனில் சேர்ந்தேன். கோபிகா என்ற பிள்ளை படிப்பிக்கிறா. வினைச்சொல்லை விட அதற்குப் பின்னால் வருகிற சின்னச் சொல்தான் முக்கியம் என்று முதல் நாளே சொன்னா. 'லுக்' என்ற ஒன்றுக்குப் பின்னால் 'அற்' போட்டால் பார்ப்பது, 'போர்' போட்டால் தேடுவது, 'ஆஃப்ரர்' போட்டால் பராமரிப்பது. இது நியாயமா, மச்சான்? ஆஃப்ரர் என்றால் பிறகு. எங்கள் டிப்போக் கந்தோரில் "பிறகு பாப்பம்" என்றால் பார்க்கவே மாட்டோம் என்றுதானே அர்த்தம்?

அதுதான் என் மண்டையில் நின்றது. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, அப்பப்பாவை யார் பார்க்கிறார்கள் என்று லவீனா கேட்டிருந்தாள். ஆஃப்ரர் என்று போட்டால் நான் அசட்டையாக இருப்பதாக நினைப்பாளே என்று, இரவு பகலாக நானே 'லுக்கிங் போர்' என்று எழுதி அனுப்பிவிட்டு, போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, மிளகாய்க்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டேன். இதற்கு முதலாவது மன்னிப்பு.

ஒரு நிமிடம். கிணற்றடியில் சத்தம் நின்றுவிட்டது.

பார்த்துவிட்டு வந்தேன். முகம் துடைக்கிறார்.

எங்கே விட்டேன்? லவீனா அதை வாசித்துப் பயந்து, அப்பப்பாவைக் காணவில்லை என்று முகநூலில் போட்டுவிட்டாள், கூடவே படம், வெள்ளை வேட்டி, கறுப்புக் குடை. மாமாவோ அதே வேட்டி, அதே குடையோடு வாசிகசாலையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். 7.40க்கு ஓட்டோக்காரச் சுதாகரன் உள்ளே பாய்ந்து, "ஐயா, ஏறுங்கோ, உங்களைத் தேடுகினம்" என்று கையைப் பிடிக்க, "ஆரடா தேடுறது? இப்பதானே தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தனான்" என்று அவர் கத்த, "எல்லாம் பிறகு கதைப்பம்" என்று தூக்கி ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். பேப்பரில் பாதி மிச்சம் என்று அவர் 8.20க்குத் திரும்பப் போனார். 8.50க்குச் சந்தையால் வந்த இரண்டு பெண்கள் இரண்டு பக்கமும் பிடித்து நடத்திக்கொண்டு வந்து, "வயசுபோன மனுசனை இப்பிடித் துலைக்கலாமோ?" என்று பத்மாவதியை ஏசிவிட்டுப் போனார்கள். 10.15க்கு விளையாட்டுக் கழகப் பொடியள் லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியில் கதிரை போட்டு, அதில் அவரை இருத்தி, கையில் ஒரு சோடாவும் கொடுத்துக் கொண்டுவந்தார்கள். இறங்கும்போது, "நாளைக்கும் வருவியளோ?" என்று கேட்டார்.

பொடியள் முகநூலைக் காட்டிய பிறகுதான் எனக்கு விசயம் விளங்கியது. ஓடிப்போய்ப் போனைப் பார்த்தால் லவீனாவிடமிருந்து இருபத்தாறு செய்தி. கோல் எடுக்கலாம்தானே என்று நீர் கேட்பீர். எடுத்தேன். அவள் உலகத்திலுள்ள சொந்தம் முழுவதற்கும் எடுத்துக்கொண்டிருந்ததால் லைன் கிடைக்கவில்லை. மாமா அந்த நேரம் குடையை விரித்துக்கொண்டு நாலாவது தரம் கேற்றைத் தாண்டிப் போகிறார். கண்ணால் கண்டதை அப்படியே எழுதினால் பிள்ளை ஆறுதலடைவாள் என்று, கடந்து போகிறார், குடையோடு, சந்தோசமாக, என்று எழுதினேன். 'பாஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'பை' போட்டால் பக்கத்தால் போவது, 'அவே' போட்டால் காலமாவது என்று கோபிகா தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னது அடுத்த நாள். நான் 'அவே' போட்டுவிட்டேன். இரண்டாவது மன்னிப்பு. ஆனாலும் மச்சான், குடையோடு சந்தோசமாக ஒருவர் காலமாவாரா என்று அங்கே ஒருவருக்கும் யோசனை வரவில்லையா?

மத்தியானம் பின்வளவுப் பாலேஸ்வரி தலைவிரி கோலமாகக் குழறிக்கொண்டு வந்தா. முற்றத்தில் மாமாவைக் கண்டு அப்படியே நின்று, "ஐயோ, அப்ப ஆர் செத்தது?" என்றா.

"நான்தான். இரு பிள்ளை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார் மாமா.

பின்னேரத்துக்குள் பதினேழு பேர். எல்லோருக்கும் அவரே கதிரை எடுத்துப் போட்டார்.

2.20க்கு உம்முடைய கோல் வந்தது. நான் எடுக்க முன் போனை மாமா வாங்கி, சத்தத்தைக் கூட்டி வைத்தார். நீர் ஆரென்று கேட்கவில்லை. "அத்தான், நான் வாறன். நான் வருமட்டும் அப்பாவை எடுத்துப்போடாதேங்கோ" என்று அழுதீர். மாமா போனை வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

"சரி. நீ வருமட்டும் நான் இருக்கிறன்" என்றார்.

அதன் பிறகு அந்தப் பக்கத்தில் நடந்தது உமக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் நடந்தது என்னவென்றால், போனைத் தந்துவிட்டு அறைக்குள் போனவர் பொழுதுபட்டுத்தான் வெளியே வந்தார். புதன்கிழமை வடக்கு அறை மெத்தையை வெயிலில் போடச் சொன்னார். வியாழக்கிழமை திரும்பவும் போடச் சொன்னார். நீர் வருவதாகச் சொன்ன பதினெட்டாம் திகதி என்ன கிழமை என்று இதுவரை ஒன்பது தரம் கேட்டுவிட்டார். வராமல் மட்டும் விட்டுவிடாதேயும், மச்சான். உம்மைப் பயப்படுத்தியதற்கும், லவீனாவை அழவைத்ததற்கும், தங்கச்சி வேலைக்குப் போகாமல் நின்றதற்கும் சேர்த்து மூன்றாவது மன்னிப்பு. முழுப் பிழையும் என்னுடையதே.

உங்கள் மூவருக்கும் முருகன் நீண்ட ஆயுளையும், என்னைப் போன்றவர்கள் எழுதுவதை இரண்டு தரம் வாசிக்கும் பொறுமையையும் தருவானாக.

இப்படிக்கு,
உம்முடைய அத்தான்,
க. அருளம்பலம்

பின்குறிப்பு: முத்திரை ஒட்ட முன் இதை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எல்லாம் சரி. என்னட்டைக் கேட்டதை எழுதாமல் விட்டது நல்லது" என்றார். அப்போதுதான் நினைவு வந்தது. அன்றைய பதற்றத்தில் சுத்தமாக மறந்துவிட்டேன். செய்தி எழுதும்போது, "மாமா, பாசுக்குப் பிறகு பையோ, அவேயோ?" என்று கேற்றடியில் போனவரைக் கத்திக் கேட்டிருக்கிறேன். கச்சேரியில் அரசாங்க வேலையில் இருந்து முப்பத்திரண்டு வருடம் ஆங்கிலக் கடிதம் எழுதிய மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவே போடு" என்றார்.

"தெரிஞ்சோ சொன்னனீங்கள்?" என்று இப்போது கேட்டேன்.

"மூண்டு தரம் பிடிச்சுக்கொண்டு வந்தாங்கள். அங்கை என்ன நடக்குதெண்டு எனக்கு விளங்காதே? பேத்தியை அழவைச்சதுதான் பிழை. அதுக்கு அவளுக்கு நானே எழுதுறன்."

ஆகையால் மேலே நான் கேட்ட மூன்று மன்னிப்பையும் தயவுசெய்து வெட்டிவிடும். அவர் இன்னொன்றும் கேட்டார். அதை அப்படியே உமக்கு அனுப்புகிறேன்:

"காணேல்லை எண்டு காலமை முழுக்க ஊரே தேடினது. உவன் ஒரு கோல் எடுத்தவனோ? நீ 'பை' எண்டு போட்டிருந்தா எடுத்திருப்பானோ?"