உசத்தி மெஷின் போட்ட ஓட்டை

பரணில் கிடந்த பழைய டிரில் மெஷினின் முனையில் புதுச் சுவர்த்தூள் ஒட்டியிருந்தது. சூப்பர்வைசர் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதை அவர் தொட்டே இரண்டு மாதம் ஆகிறது!

அது மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், வாங்கிக் கொடுத்த மலிவு மெஷின். அதை வைத்து இவர் மாட்டிய கண்ணாடி மறுநாளே விழுந்து சுக்குநூறானது. "மெஷினா இது? விளையாட்டுச் சாமான்!" என்று பரணில் ஏற்றிவிட்டு, பெரிய கம்பெனி மெஷினாகப் பார்த்து நாலு மடங்கு விலையில் வாங்கினார். அதற்கப்புறம் மாட்டிய கடிகாரம், புதுக் கண்ணாடி, துண்டு காயப்போடும் கம்பி எதுவும் இம்மியும் அசையவில்லை.

மச்சான் ஒப்புக்கொண்டால்தானே? "காசைக் கரியாக்கிட்டீங்க மாப்ள. ரெண்டும் ஒரே ஓட்டைதான் போடும்" என்று சொந்தக்காரர்கள் கூடுமிடமெல்லாம் மானத்தை வாங்கினார்.

அவர்தான் பகலில் வந்து எதையோ நோண்டுகிறார். சந்தேகமே இல்லை.

"உங்க அண்ணன் நான் இல்லாதப்ப இங்க வர்றாரா?"

"அண்ணனுக்குக் கடையை விட்டு நகர நேரம் ஏது?" மனைவி வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அதுவும் சூப்பர்வைசருக்குச் சரியாகப் படவில்லை.

கடிகாரத்தைப் பிடித்து ஆட்டினார். கண்ணாடியை இழுத்தார். துண்டுக் கம்பியில் தொங்கியே பார்த்தார். எல்லாம் கெட்டியாக இருந்தன. 'கெடுத்த தடயமே தெரியலையே, பலே கில்லாடி!' என்று இன்னும் பயந்தார்.

செவ்வாய் சாயங்காலம் சாவிப் பலகை ஒன்றை மாட்டினார். மறுநாள், மச்சான் கையில் சிக்கக் கூடாதென்று புது மெஷினைப் பையில் போட்டு ஆபீசுக்கே தூக்கிப் போனார். வாசலில் வாட்ச்மேன் பையைத் திறந்து பார்த்து, "யார் பூட்டை உடைக்கப் போறீங்க சார்?" என்றார். ஆபீசே சிரித்தது. வீட்டுக்கு வந்தால், பழைய மெஷினில் மறுபடியும் தூள்!

காலடித் தடம் பிடிக்க, மறுநாள் காலை பரணுக்குக் கீழே முகப் பவுடரைக் கொட்டினார். அவசரத்தில் செருப்பு தேடி அதே வழியாக ஓடியவர் அவரேதான். சறுக்கி விழுந்து இடுப்பு சுளுக்கிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் பார்க்க வந்தார். "எப்படி மாப்ள விழுந்தீங்க?"

"எல்லாம் உங்களாலதான்! பகல்ல திருட்டுத்தனமா வந்து என் வேலையைக் கெடுக்கறீங்க!"

"நானா? எனக்கு வேற வேலை இல்லையா?"

"அப்ப இப்பவே உங்க கண் முன்னால ஒரு ஷெல்ஃப் மாட்டறேன். அது விழுந்துட்டா இந்தப் புது மெஷின் உங்களுக்கு. அப்புறம் நான் சுவரையே தொட மாட்டேன். விழலைன்னா, உங்க மெஷின் குப்பைன்னு எல்லார்கிட்டயும் நீங்களே சொல்லணும்."

"சரி மாப்ள!"

மனைவி பதறிப்போனாள். "இன்னைக்கு மாட்டுங்க. அண்ணன் நாளைக்கு மத்தியானமா வந்து பார்க்கட்டும்."

"ஏன், நாளைக்குள்ள அவர் வந்து நோண்டவா? அண்ணன் பக்கம்தான் பேசுவே நீ!"

"ஒரு நாள் இருந்தா நல்லா... இறுகும்ங்க."

"என் மெஷினுக்கு அதெல்லாம் தேவையில்லை!"

இடுப்பைப் பிடித்தபடி ஏறி நாலு ஓட்டை போட்டார். வெண்ணெயில் போவது மாதிரி போனது. ஷெல்ஃபை முடுக்கி, அதன்மேல் கனமான இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தார். "பார்த்தீங்களா?" என்று திரும்பினார்.

மச்சான் வாயைத் திறப்பதற்குள் படார் என்று சத்தம். ஷெல்ஃப், பெட்டி, கைப்பிடி அளவு சுவர் எல்லாம் சேர்ந்து தரைக்கு வந்தன. சூப்பர்வைசருக்கு அழுகையே வந்துவிட்டது. மச்சான் சிரிக்கக்கூட மறந்து நின்றார். மனைவி துடைப்பத்தை எடுக்கப் போனாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. கீழ் வீட்டில் நாள் முழுக்கத் தைத்துக்கொண்டிருக்கும் தையல்காரர், தலையெல்லாம் சுண்ணாம்போடு நின்றிருந்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. நீங்க சாயங்காலம் புது மெஷினை வெச்சு ஒரு தடவை குடையறீங்க. மறுநாள் நீங்க ஆபீஸ் போனதும், அந்தப் பழைய மெஷினை வெச்சு அம்மா எல்லாத்தையும் கழட்டித் திருப்பி மாட்டறாங்க. கீழ எனக்குச் சத்தத்துலயே தெரியுது. எதுக்கு சார் ரெண்டு வேலை? முதல்லயே அம்மாவையே மாட்டச் சொல்லக் கூடாதா?"