தகரப் பெட்டியில் பத்து நாள் சோறு

“ஐயோ, மறுபடியும் மூடிடுச்சு! பாயைத் தூக்கு, பாயைத் தூக்கு!”

வீரசிங்கம் போட்ட கூச்சலில் அவர் மனைவி வடிவம்மா பங்களா முற்றத்துக்கு ஓடி வந்தாள். ஆறு பாய்களில் வேகவைத்த சோறு, சுண்டவைத்த ஆட்டுக்கறி, பருப்பு எல்லாம் காய்ந்துகொண்டிருந்தன. காய்ந்துகொண்டிருந்தன என்பது வீரசிங்கத்தின் நம்பிக்கை. ஹல்துமுல்லை மலையில் வெயில் ஐந்து நிமிடம் முகம் காட்டும். உடனே பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து எல்லாவற்றையும் நனைத்துவிட்டுப் போகும். மூன்று நாளாக இதே கூத்து. நாளை விடிந்தால் தேயிலைத் தோட்டத்துத் துரை வேட்டைக்குக் கிளம்புகிறார்.

வீரசிங்கம் எட்டு வருஷமாக அந்தத் தோட்டத்துப் பங்களாவின் சமையல்காரர். வருஷத்துக்குப் பத்து நாள் துரை கீழ்க் காட்டுக்கு வேட்டைக்குப் போவார். பானை சட்டியோடு சமையல்காரர் வந்தால் மான் ஓடிவிடும் என்று சொல்லி, குதிரைக்காரன் றஹீமை மட்டும் கூட்டிப்போவார். அங்கே றஹீம் சுட்டுத் தரும் மரவள்ளிக்கிழங்குதான் ஆகாரம். எட்டு வருஷத்தில் ஒரு மான்கூட விழவில்லை. பங்களாச் சுவரில் ஒரு கொம்பு கிடையாது. ஆனாலும் துரை கன்னம் உப்பி, சீட்டியடித்துக்கொண்டு திரும்புவார். காட்டுக் காற்றின் குணம் அப்படி என்பது வீரசிங்கத்தின் முடிவு.

இந்த வருஷம் விஷயம் பெரிது. வேட்டை முடிந்ததும் துரை பசறைப் பக்கம் ஒரு பெரிய தோட்டத்துக்கு மாறிப் போகிறார். சமையலுக்கு யாரைக் கூட்டிப்போவார் என்று இன்னும் வாயைத் திறக்கவில்லை.

“சுடுதண்ணி ஊத்துனா போதும் வடிவு, பொலபொலன்னு சோறு எந்திரிச்சு நிக்கும்! காட்டு நடுவுல நம்ம கைச்சோத்தை ஒரு வாய் வச்சாருன்னா, அப்புறம் என்னை விட்டுட்டுப் பசறைக்குப் போவாரா?”

“அது சரிங்க. காக்கா வந்து கொத்தாம பாத்துக்குங்க.”

“காக்காயா? மூணு நாளா ஒண்ணுகூட வாய் வைக்கல. வருது, பாக்குது, போயிடுது. பங்களாச் சாமான்னு அதுக்கே மரியாதை தெரியுது!”

வடிவம்மா ஏதோ சொல்ல வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டில் அவள் அவரை அடுப்புப் பக்கமே விடுவதில்லை. பங்களாவில் வெந்து நொந்து வருகிற மனுஷன் என்ற கரிசனம்தான் காரணமென்று அவர் தொழிலாளர் லயம் முழுக்கப் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார்.

பாய்களைக் குசினிக்குள் இழுத்துப் போய், அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டார். ஈர விறகு புகைந்தது. ஒரு மணி நேரத்தில் சோறு கரி நிறமாகிவிட்டது. கறி, துரையின் சப்பாத்துக் குதிகால் தோல் போல இறுகியது. புகை நாற்றத்தை அடக்க மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டார். மிளகாயை அடக்கச் சர்க்கரை போட்டார். சர்க்கரை இளகி எல்லாவற்றையும் ஒரே கட்டியாக ஒட்டிவிட்டது.

சோர்ந்து போகிற ஆளா அவர்? கட்டியை உடைத்துச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு தேயிலை ஸ்டோருக்கு ஓட்டமாய் ஓடினார். அங்கே கொழுந்தைக் காய வைக்கும் இயந்திரம் அனல் காற்றை வீசிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

“ஜெயராசா தம்பி, கால் மணி நேரம்! ஒரே ஒரு தட்டு!”

தேயிலை பதம் பார்க்கும் டீமேக்கர் ஜெயராசா பதறிப் போனான். “என்னண்ணே வெளையாடுறீங்களா? தேயிலை பக்கத்துல உள்ள வாசத்தையெல்லாம் இழுத்துக்கும். துரைக்குத் தெரிஞ்சா என் வேலை போயிரும்!”

“நாளைக்கு நான் பசறை பெரிய பங்களா குக்கு. உன்னைய மறப்பேனா?”

ஜெயராசா மசிந்தான். தட்டு உள்ளே போனது. பத்தாவது நிமிடம் ஸ்டோர் முழுக்க ஆட்டுக்கறி மணந்தது. தட்டின் கண் வழியே சோறு பொலபொலவென்று கொட்டிக் கீழே இருந்த தேயிலையோடு கலந்தது. இருவரும் குனிந்து பொறுக்கினார்கள். தேயிலைக்குள் சோறா, சோற்றுக்குள் தேயிலையா என்று பிரிக்க முடியவில்லை.

“அண்ணே, நானூறு றாத்தல் தேயிலை! கறிக்கொழம்பு வாசம் அடிக்குதே!” என்று ஜெயராசா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

“காஞ்சிருச்சு தம்பி! பாரு, கலகலன்னு காஞ்சிருச்சு!” என்று வீரசிங்கம் குதித்தார். அவர் காதில் வேறெதுவும் ஏறவில்லை.

மறுநாள் விடியற்காலை குதிரை தயாராக நின்றது. துரை தொப்பி வைத்து, துப்பாக்கி மாட்டி, சீட்டியடித்துக்கொண்டே படியிறங்கினார். வீரசிங்கம் புதுத் தலைப்பாகையோடு, பெரிய பிஸ்கட் தகரப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார். பின்னாலேயே வடிவம்மா வந்தாள்.

“என்னா அது?” என்றார் துரை.

“சாப்பாடுங்க தொர! சுடுதண்ணி ஊத்துனா போதும். காட்டுல இனிமே பட்டினியே இல்லைங்க. பத்து நாளும், மூணு வேளையும் என் கைச்சோறுதான்!”

துரையின் சீட்டி நின்றது. பெட்டியைப் பார்த்தார். மூடியைத் திறந்து மோந்தார். மூடினார். வீரசிங்கத்தின் தோளை இரண்டு முறை தட்டிக்கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பங்களாவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“தட்டிக்கொடுத்தாரு, பாத்தியா வடிவு? பேச்சே வரல அவருக்கு! பசறை நிச்சயம்!”

உள்ளே போன றஹீம் துரையின் சப்பாத்தோடு திரும்பி வந்து, குதிரைச் சேணத்தை அவிழ்க்கத் தொடங்கினான்.

“ஏன் றஹீமு, சேணத்தை அவுக்கிற?”

“தொர வேட்டைக்குப் போகலையாம்ணே.”

“ஏம்ப்பா? சாப்பாடுதான் தயாரா இருக்கே!”

றஹீம் பெட்டியைப் பார்த்தான், வடிவம்மாவைப் பார்த்தான், அவள் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அதாண்ணே… வருஷா வருஷம் அவரு காட்டுக்கு ஓடுனதே உங்க சாப்பாட்டுக்குத் தப்பிச்சுத்தான்!”