நாகப்புழுவும் நற்பணிக் குழுவும்

உலகில் எத்தனையோ ஊர்கள் இருக்க, புல்வெட்டும் மெஷினை நிறுத்துவதற்குத் தெய்வம் தேர்ந்தெடுத்தது கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பைத்தான். குடியிருப்பாளர் சங்கத் தலைவன் என்ற முறையில் இதை அடக்கத்தோடு அறிவிக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து எங்களுக்குப் புல் வெட்டும் ரவிசங்கர், லெட்சுமியக்காவின் வடைக்கடையை ஒட்டிய நந்தியாவட்டைச் செடியருகே சட்டென்று மெஷினை அணைத்தான். கிளையில் விரல் தடிமனுக்கு ஒரு பச்சைப் புழு. தலையைப் புடைத்துக்கொண்டு, இரண்டு நீலக் கண்களால் அவனைப் பார்த்தது.

"பாஸ், புழு முறைக்குது!"

செயலாளர் கமலநாதன் செருப்பைக் கழற்றினார். அடிப்பதற்கல்ல, கும்பிடுவதற்கு.

"கண்ணப் பாருங்க தலைவரே. நாகம் லா இது. படம் எடுக்குது."

லெட்சுமியக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "நாகமாவது! புழுண்ணே. போன வருசமும் வந்துச்சு, தின்னுச்சு, போயிருச்சு."

"அப்பவே சொல்லியிருக்கக்கூடாதாக்கா?" கமலநாதன் உண்மையிலேயே வருந்தினார். "ஒரு வருசப் பூசை போச்சே!"

அன்று மாலையே அவசரக் கூட்டம். செடிக்கு மஞ்சள் துணி, மேலே கூடாரம், 'நற்பணிக் குழு' என எல்லாம் ஒருமனதாக நிறைவேறின. எஞ்சியது ஒரே சிக்கல்: எண்ணெய்ப் புகை.

"தெய்வத்துக்கு இருமல் வந்தா யாரு பொறுப்பு?" என்றார் கமலநாதன். வடைக்கடையைச் சாலைக் கோடிக்கு மாற்றுவதென்று முடிவானது.

"அந்த வெயில்ல எவண்ணே வந்து தின்பான்? எம்புள்ளைங்க ரெண்டும் படிக்கிறது இந்தக் கடைய நம்பித்தான்."

"ஆன்மிக வளர்ச்சிக்குக் கொஞ்சம் தியாகம் வேணும்கா," என்றேன்.

"என் தியாகம்தான் கிடைச்சுதா? உங்க வீட்டு போர்ட்டிக்கோவக் குடுங்களேன்!"

இதை 'ஒப்புதல்' என்று கூட்டம் ஏற்றுக்கொண்டது.

கோடியில் கடை சில வாரங்கள் தாக்குப் பிடித்தது. பிறகு லெட்சுமியக்கா சாமான்களை மூட்டை கட்டிவிட்டார். புழு அதற்கு முன்பே செடியை மொட்டையாக்கிவிட்டு இறங்கிப் போயிருந்தது.

"பாஸ், புழுவக் காணோம்," என்று அது போன அன்றே ஓடி வந்தான் ரவிசங்கர்.

"காணோம்னு சொல்லாதடா," என்று கமலநாதன் திருத்தினார். "அருவமாயிட்டாங்கன்னு சொல்லு."

கோடிக் கடையை மூடிய கையோடு லெட்சுமியக்கா வந்தார். "அதான் போயிருச்சே, என் இடத்தக் குடுங்க."

துரதிருஷ்டவசமாக அங்கே குழுவின் 'பக்தர் சேவை மையம்' திறந்தாகிவிட்டது. பொறுப்பாளர் என் மச்சினன். தகுதி அடிப்படையில் வந்தவன். மனு போட்டது அவன் ஒருவன்தான். அங்கே பால், மஞ்சள் துணி, 'பிரசாத வடை' எல்லாம் கிடைக்கும். புகையைப் பற்றிக் கவலை வேண்டாம். பிரசாதம் சுடும் புகையால் தெய்வத்துக்கு இருமல் வராது என்று கமலநாதன் தெளிவுபடுத்திவிட்டார்.

ஒரு பெண்பிள்ளையின் பிழைப்பை நாங்கள் பறித்துவிட்டதாகச் சிலர் பேசுகிறார்கள். அபாண்டம்! நேரில் வந்து தின்று பாருங்கள். ருசி துளியும் மாறவில்லை. இன்றைக்கும் அங்கே வடை சுடுவது லெட்சுமியக்காதான். என் மச்சினன் அவருக்கு நாள் தவறாமல் கூலி கொடுக்கிறான்.