அத்தைக்காகக் கழுவிய விமானம்

"சோப்பு இல்லைன்னா என்னய்யா அர்த்தம்?"

"இல்லைன்னுதான் அர்த்தம், சார்," என்றார் மெக்கானிக்.

பைலட் காலி கேனைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினார். ஒரே ஒரு சொட்டு விழுந்தது. விமானம் கழுவுவதற்கென்றே செய்த சோப்பு அது. பெயிண்டைத் தின்னாது, அலுமினியத்தை அரிக்காது. அடுத்த கேன் வர இன்னும் ஒரு வாரம் ஆகும். அத்தையோ மத்தியானமே வருகிறார்.

அத்தை என்றால் மனைவியின் அம்மா. மாமியார் மெச்சிய மருமகள் இல்லை என்று ஒரு பழமொழியாவது இருக்கிறது. பாவம், மருமகனுக்கு அதுகூட இல்லை. தலை நரைக்கிற வரைக்கும் விமானப் பயிற்சிக் கிளப்பில் பிள்ளைகளுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்த மனிதரை, அத்தை சொந்தக்காரர்களிடம் "வண்டி ஓட்டுறார்" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். ஒரே ஒரு தடவை மேலே கூட்டிப்போய்க் காட்டிவிட்டால் அந்தப் பேச்சு மாறும் என்று பைலட்டுக்கு ஒரு நப்பாசை. ஆனால் கூப்பிடும் போதெல்லாம் ஒரே பதில்தான் வரும்.

"ஐயே, விமானத்து மூக்கெல்லாம் பூச்சியும் பிசுக்குமா இருக்கே! சுத்தமா இருக்கும்போது சொல்லுங்க மாப்பிள்ளை, வர்றேன்."

நாளைக்கு அத்தை தன் மகன் வீட்டோடு போய்விடுகிறார். இன்றைக்கு விட்டால் அவ்வளவுதான், ஆயுசுக்கும் இவர் வண்டிக்காரர்தான்.

மனைவிக்குப் போன் போட்டார்.

"பாத்திரம் கழுவுற சோப்பைப் போடுங்களேன். எந்தப் பிசுக்கும் போயிடும்."

"அதெல்லாம் போடக் கூடாதும்மா. நானே கிளாஸ்ல சொல்லிக்கொடுக்கிறேன்."

"அப்ப அழுக்காவே நிக்கட்டும். அம்மா கேட்டுலேயே திரும்பிடுவாங்க."

ஊருக்குத்தானே உபதேசம்! கேண்டீனிலிருந்து சோப்பு வந்தது. நுரை பொங்கப் பொங்கத் தேய்த்தார். பூச்சியெல்லாம் போனது. ஆனால் வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீர் ஊற்றி அலசுவதற்குள் நுரை காய்ந்து, விமானத்தின் மூக்கு முழுக்க வெள்ளைத் திட்டுகள் உட்கார்ந்துகொண்டன. தேய்த்தால் இன்னும் பரவின.

"பெயிண்ட் தின்னர் போட்டா போயிடும் சார்."

"பெயிண்டும் போயிடுமே?"

"கொஞ்சமாத்தான் போகும்."

திட்டு போனது. பளபளப்பும் கூடவே போனது. போகட்டும் என்று எட்டித் துடைக்கும்போது துணியிலிருந்து தின்னர் சொட்டி, முன்கண்ணாடியில் கோடாக வழிந்துவிட்டது. பேர்தான் கண்ணாடி, அது வெறும் பிளாஸ்டிக். அதற்கென்று உள்ள திரவமும் மெத்தென்ற பருத்தித் துணியும் தவிர வேறெதுவும் படக்கூடாது என்று போர்டில் கொட்டை எழுத்தில் எழுதிப்போடுகிறவரே இவர்தான். என்ன செய்ய, பதற்றத்தில் புத்தி பின்னால் வரும், கை முன்னால் போகும். கழிவறைக் கண்ணாடி துடைக்கிற ஸ்பிரேயை எடுத்து வந்து புஸ் புஸ்ஸென்று அடித்து, பேப்பரால் பரபரவென்று தேய்த்தார். கையோடு கையாகப் பக்கத்து ஜன்னல்களையும் விடவில்லை.

மெக்கானிக் வந்து குனிந்து பார்த்தார்.

"சார், கண்புரை விழுந்துடுச்சு."

"துடைச்சா போகாதா?"

"துடைச்சுத்தானே வந்துச்சு! எல்லாத்தையும் மாத்தணும். மாத்தாம இது பறக்காது, நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

பைலட் அப்படியே சக்கரத்தின் மேல் உட்கார்ந்தார். அழக்கூடத் தெம்பில்லை. இடுப்பு விட்டுப் போயிருந்தது, சட்டை முழுக்கத் தின்னர் நாற்றம். எங்கேயாவது போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கார் வந்து நின்றது. மனைவி இறங்கி இவர் முகத்தைப் பார்த்ததுமே, "போச்சா?" என்றாள்.

பின்னாலேயே அத்தையும் இறங்கினார். விமானத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். மூக்கை விரலால் தடவி, விரலைப் பார்த்தார். முன்கண்ணாடிக்கு நேரே வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"அத்தை, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியலை..." என்று எழுந்தார் பைலட்.

"இருங்க மாப்பிள்ளை."

கதவைத் திறந்து தானே ஏறி உட்கார்ந்தார். முன்னால் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து பைலட் பார்த்திராத ஒரு சிரிப்பு அந்த முகத்தில்.

"கீழே தெரிஞ்சா எனக்கு உயிரே போயிடும் மாப்பிள்ளை, அதனாலதான் இத்தனை வருஷமா அழுக்கு அழுக்குன்னு சொல்லித் தப்பிச்சேன்; இப்பதான் ஒரு மண்ணும் தெரியலையே, சட்டுனு கிளப்புங்க!"