சீல் பிரிக்காத பிரேக் ஷூ

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் உண்டு, ஓட்டத் தெரியாதவர்கள் உண்டு, ஓட்டத் தெரிந்தும் பெட்ரோல் விலைக்குப் பயந்து பஸ்ஸில் தொங்குகிறவர்கள் உண்டு. இந்த மூன்றிலும் சேராத நான்காவது இனம் ஒன்று இருக்கிறது. இந்த இனத்தார் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பார்கள், துடைப்பார்கள், போர்வை போர்த்துவார்கள், விருந்தாளி வந்தால் போர்வையை விலக்கிக் காட்டுவார்கள், ஆனால் ஓட்டமாட்டார்கள். ஏன் ஓட்டவில்லை என்று கேட்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது. கேட்டுவிட்டால், "ஒரே ஒரு பார்ட்தான் சார் கிடைக்கலை" என்று ஆரம்பிப்பார்கள். அந்த ஒரு பார்ட்டின் கதை முடிவதற்குள் நீங்கள் பிடிக்க வேண்டிய ரயில் மட்டுமல்ல, அதற்கு அடுத்ததும் போயிருக்கும். இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஒரிஜினல் ஆசாமி.

ஒரிஜினல் ஆசாமியை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வைத்துப் பார்க்க வேண்டும். நீங்களும் நானும் என்ன செய்வோம்? வண்டியின் பெயரைச் சொல்லி ஒரு கிளட்ச் கேபிள் கேட்போம், வாங்குவோம், வந்துவிடுவோம். நம் ஆசாமி கவுண்டரில் முழங்கையை ஊன்றி, கடத்தல் சரக்குக் கேட்பவரைப் போலக் குரலைத் தாழ்த்தி, "அந்தக் காலத்துச் சரக்கு ஏதாவது உள்ள கிடக்கா?" என்பார். கடைக்காரர் எடுத்து வைத்ததை முகர்ந்து பார்ப்பார், நகத்தால் சுரண்டுவார், கவுண்டரில் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார், சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து அதன்மேல் உள்ள எழுத்துகளைப் படிப்பார், கடைசியில் சம்பந்தம் பிடிக்காத பெரியப்பாவின் முகத்தோடு திருப்பித் தள்ளுவார்.

"இது புதுசு."

"ஆமா சார், புதுசுதான்."

"அதான் வேணாம்."

பொருந்துமா, உழைக்குமா, பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்குமா என்றா கேட்கிறார்? அதெல்லாம் பாமரர்கள் கேட்கிற கேள்வி. உதிரி பாகத்துக்கு அவர் வைத்திருக்கும் ஒரே பரீட்சை வயசு. போன மாதம் செய்தது என்றால் போலி. ஏதோ ஒரு குடோனில் எலிப் புழுக்கை நடுவே நாற்பது வருஷம் கிடந்தது என்றால் தங்கம். ரப்பர் கல்லாக இறுகியிருக்கும், ஸ்பிரிங் துருவேறியிருக்கும். இருந்தால் என்ன, துருவும் ஒரிஜினல்தானே.

கடைக்காரர்கள் மட்டும் இளிச்சவாயர்களா? எனக்குப் பழக்கமான ஒருவர் இந்த ஆசாமிகளுக்கென்றே மேலே ஒரு தட்டு வைத்திருக்கிறார். புத்தம்புதுச் சாமானைக் கிரீஸில் புரட்டி, தூசியில் உருட்டி, பழைய செய்தித்தாளில் சுற்றி அங்கே தூங்க விட்டுவிடுவார். ஆசாமி வந்ததும் ஏணி போட்டு ஏறி, இருமிக்கொண்டே இறக்கிக் கொடுப்பார். "அந்த இருமல்தான் சார் வியாபாரமே" என்று என்னிடம் ஒரு நாள் மனம் விட்டுச் சொன்னார்.

இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற உருப்படி ஒன்று எனக்கு அடுத்த வீட்டிலேயே குடியிருக்கிறது. இன்ஷூரன்ஸ் ஆபீசில் நல்ல வேலை. தெருவில் அவரை எல்லாரும் ஒரிஜினல் சார் என்றுதான் சொல்வார்கள். அதைப் பாராட்டு என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் வைத்திருக்கும் மோட்டார் சைக்கிள் அவருடையதுகூட இல்லை, மாமனாருடையது. மாமனார் மின்கம்பம் ஏறுகிற லைன்மேனாக இருந்தவர். ஏணியைப் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு மழையிலும் வெயிலிலும் அந்த வண்டியில் அலைந்தவர். மகளும் அதில்தான் ஓட்டப் பழகினாள். முட்டி தேய்ந்து காலைத் தூக்க முடியாமல் போனபோது, "நல்லா ஓடிக்கிட்டிருக்கு மாப்பிள்ளை, ஓட்டுங்க" என்று சாவியைக் கொடுத்தார்.

கவனியுங்கள், ஓடிக்கொண்டிருந்த வண்டி. மாப்பிள்ளை அதை ஒரே வாரத்தில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார். எஞ்சினுக்குள் ஒரு வாஷர் இருந்தது. தண்ணீர் மோட்டாரில் போடுகிற வாஷர். அதைக் கையில் வைத்துக்கொண்டு துக்க வீட்டில் நிற்பவரைப் போல நின்றார்.

"யாரு மாமா இதைப் போட்டது?"

"நான்தான். நடு ரோட்ல எண்ணெய் ஒழுகிச்சு, கையில கிடைச்சதை வெட்டிப் போட்டேன். அதுக்கப்புறம் ஒழுகவே இல்லையே."

"வண்டியைக் கொன்னுட்டீங்க மாமா."

இதற்கிடையில் மாமனாருக்கு ஆபரேஷன் நடந்தது. தேய்ந்துபோன வலது முட்டியை எடுத்துவிட்டுப் புது முட்டி வைத்தார்கள். இடது முட்டியும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது, ஆனால் இந்த வயசுக்கு இன்னொரு ஆபரேஷன் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலைத் தூக்கிப் போட முடிகிற நாட்கள் இனி கொஞ்சம்தான் என்பது மனுஷருக்கே தெரியும். அதனால் மகள் வீட்டில் தங்கி, தினமும் காலையில் ஒரு சாப்பாட்டு மேஜை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, அதன்மேல் காலைத் தூக்கித் தாண்டப் பழகினார். அந்த நாற்காலியின் முதுகு வண்டியின் சீட் உயரம்.

"வேற எதுவும் வேணாம்மா. உன் பின்னாடி உக்காந்து சலூன் வரைக்கும் போயிட்டு வரணும். நம்ம வண்டி வீட்ல நிக்கறப்ப ஆட்டோவுல போக ஒரு மாதிரியா இருக்கு."

பிரித்துப் போட்ட வண்டியும் மறுபடி பூட்டி ஏறக்குறைய தயார்தான். பிரேக் ஷூ மட்டும் பாக்கி. அதுவும் ஒரு நாள் கிடைத்துவிட்டது. மெழுகுக் காகிதம் சுற்றி, சீல் வைத்த பெட்டியோடு. ஒரிஜினல் சார் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, கண்ணாடி அலமாரியில் விருந்தாளிக் கோப்பைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினார்.

"அதான் கிடைச்சிடுச்சேங்க, மாட்டிடலாமே" என்றாள் மனைவி.

"சீல் பிரிச்சா அதுக்கு மதிப்பே போயிடும்."

"பிரிக்காம எப்படி மாட்டறது?"

"அதுக்குத்தான் சீல் இல்லாத ஒரிஜினல் ஒண்ணு தேடிக்கிட்டிருக்கேன்."

பார்ப்பதற்கு ஒன்று, மாட்டுவதற்கு ஒன்று. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவனுக்காவது வெண்ணெய் உருகும் என்பது தெரியாது, பாவம். இவர் தெரிந்தே, பழைய வண்டிக்காரர்கள் கூடுகிற சந்தை ஒன்றைக் கேள்விப்பட்டு, பூதக்கண்ணாடியோடு வெளியூர் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் மனைவி மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். அந்த மெக்கானிக் ஒரிஜினல் சாரைத் தூரத்தில் கண்டாலே ஷட்டரை இறக்குகிறவர். "சார் ஊர்ல இல்லையே?" என்று இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் வந்தார். எந்தக் கடையிலும் கிடைக்கிற சாதாரண பிரேக் ஷூவை மாட்டினார். அவள் தெருவில் ஒரு சுற்றுப் போய், வேகமாக வந்து, கேட் முன்னால் மிதித்தாள். வண்டி நின்றது.

பெரியவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். மகளின் தோளைப் பிடித்தார், காலைத் தூக்கினார், ஒரு தடவை இடித்தது, மறு தடவை தாண்டியது. பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நான் கை தட்டிவிட்டேன். சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. முடி வெட்டிக்கொண்டு திரும்பி வந்தவர், இறங்காமல், தெருவை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னார்.

மறுநாள் ஒரிஜினல் சார் வெறுங்கையோடு வந்து சேர்ந்தார். வாசலிலேயே மாமனார் காத்திருந்தார்.

"போயிட்டு வந்துட்டோம் மாப்பிள்ளை."

எங்கே போனீர்கள் என்று கேட்டாரா? வெட்டிய முடியைப் பார்த்தாரா? குப்பைக் கூடையில் கிடந்த புது அட்டைப் பெட்டியைத்தான் பார்த்தார். செத்த எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்கினார்.

"யாரு இந்த லோக்கல் சரக்கை உள்ள போட்டது?"

"நான்தான்" என்றாள் மனைவி. "நல்லா நிக்குதுங்க."

"நிக்கறது முக்கியமில்ல. இது ஒரிஜினல் இல்ல."

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, கால்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டினார். நீளமான தழும்பு.

"இதுவும் ஒரிஜினல் இல்ல மாப்பிள்ளை. இதை வெச்சுத்தான் ஏறி உக்காந்தேன்."

இதைக் கேட்டு நாக்கைப் பிடுங்கிக்கொண்டிருப்பார் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? நீங்கள் இந்த இனத்தை அறியாதவர். குனிந்து, தழும்பை அக்கறையோடு பார்த்து, அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"எந்தக் கம்பெனி மாமா?"

அடுத்த நாள் காலை, சக்கரத்தைக் கழற்றி அந்தப் பிரேக் ஷூவை எடுத்து எறிந்துவிட்டார். வைக்கோல்போர் நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது. வண்டி மறுபடி போர்வைக்குள் போயிற்று. பெட்டி அலமாரியில் சீலோடு பத்திரமாக இருக்கிறது. பக்கத்து வீட்டில் காலை நேரங்களில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. முன்பு ஒரு கையால் சுவரைப் பிடித்தவர் இப்போது இரண்டு கையாலும் பிடிக்கிறார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இவ்வளவு நேரம் படித்தீர்களே, பெரியவரின் இடது முட்டி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றியதா? இல்லை, "எல்லாம் சரி, வண்டி எந்த வருஷத்து மாடல் என்று இந்த ஆள் கடைசிவரை சொல்லவே இல்லையே" என்று உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறதா? இரண்டாவதுதான் என்றால், தயவுசெய்து எழுந்து போய், உங்கள் வீட்டில் யாராவது நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.