மாப்பிள்ளை மாட்டிய வயர்

உத்திரமேரூர்,
புதன்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, பீர் முகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உங்கள் தங்கை சைனம்பு நலம், மகள் ஷாஜியா நலம், பாத்திரக் கடை நலம். கம்ப்யூட்டர் மட்டும் நலமில்லை. வாலாஜாபாத்தில் உங்கள் வீட்டு மனிதர்களும் சாமான்களும் நலமாயிருக்க துஆ செய்கிறேன்.

போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால்தான். ஷாஜியா நிச்சயத்தன்று சபை நடுவே நான் என்ன சொன்னேன்? நிக்காஹ் முடிகிற வரை மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, போனிலும் பேச்சு வேண்டாம், ஊர் நாலு விதமாகப் பேசும் என்றேன். நீங்களும் அதுதான் சரி என்றீர்கள். உங்கள் மகன் சிராஜுதீன் தலையைக் குனிந்து பிரியாணித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சம்பந்தப் பேச்சு எடுப்பதற்கு முன்பு, கடைக் கணக்குக்காக சிராஜ் பாகம் பாகமாக வாங்கி வந்து பூட்டிக் கொடுத்தானே, அந்தக் கம்ப்யூட்டர் திங்கட்கிழமையிலிருந்து எழுந்திருக்கவில்லை. பட்டனை அழுத்தினால் லைட் இல்லை, ஃபேன் இல்லை, ஒரு முனகல்கூட இல்லை. மிக்ஸி ஓடுகிற பிளக்கில் சொருகினேன். மிக்ஸி ஓடியது, இது ஓடவில்லை. கேபிளைக் கழற்றி, ஊதி, துடைத்து, பிஸ்மி சொல்லி மாட்டினேன். உச்சியில் ரெண்டு தட்டு தட்டினேன். சைனம்பு எட்டிப் பார்த்து, அதற்கென்ன புரையேறிவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனாள். சரியென்று போர் மோட்டார் ரிப்பேர் செய்கிற ஆனந்தனைக் கூப்பிட்டேன். அவன் பிளக்கில் டெஸ்டரை வைத்துப் பார்த்து, "கரண்டு நல்லா வந்துகினு கீது பாய். பொட்டிதான் எய்ந்திருக்க மாட்டேங்குது" என்றான். இதைச் சொல்ல ஆனந்தன் எதற்கு மச்சான்? பெட்டியைத் திறந்து பார் என்றால் ஷாஜியா குறுக்கே வந்து நின்றாள், திறந்தால் கியாரண்டி போய்விடுமாம். வண்டியில் கட்டி வாலாஜாபாத்துக்கே கொண்டு போகிறேன் என்றேன். ரோட்டுக் குலுக்கலில் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகுமாம். இந்தப் பெண் இத்தனை அக்கறையாக என்னிடம் பேசியதே இல்லை. கேட்காமலே டீ வேறு வருகிறது. "நீங்க தட்டினா ஒண்ணும் ஆவாது அத்தா. வயரு மாட்டினவங்க வந்து பாத்தாத்தான் புரியும்" என்கிறாள்.

உள்ளே இருப்பது கல்யாணப் பத்திரிகை. யார் பெயருக்குக் கீழே யார் பெயர் என்பதில் உங்கள் பெரியப்பா கோபித்துக்கொண்டு தென்னேரிக்குப் போய், என் சின்னம்மா மகன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய், நீங்களே என் போனை எடுக்காமல் இருந்து, ஞாயிற்றுக்கிழமைதான் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு வரிசை அமைந்தது. அது இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது. மறுபடி எழுத உட்கார்ந்தால் மறுபடி அதே சண்டை, இந்தத் தடவை கல்யாணமே நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அச்சகத்துக்காரர் வேறு சனிக்கிழமைக்குள் கேட்கிறார்.

ஆகையால், சொன்ன வாயாலேயே கேட்கிறேன், சிராஜை அனுப்பி வையுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரட்டும். அரை மணி நேரம்தான். செருப்பை விட்டதும் நேராகப் பெட்டியிடம் போக வேண்டும். அந்த நேரம் ஷாஜியா பக்கத்து வீட்டில் இருப்பாள்.

பெரியவர்களுக்கு என் ஸலாம், பிள்ளைகளுக்கு என் துஆ. இரு வீட்டாரையும் இரு வீட்டுக் கரண்டு சாமான்களையும் அல்லாஹ் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
பீர் முகம்மது

பி.கு.: இந்தக் கடிதத்தை வாலாஜாபாத்துக்கு எடுத்துப்போக ஆனந்தன் வந்தான். ஷாஜியா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கியாரண்டி போனால் போகட்டும் என்று பெட்டியைத் திறக்கச் சொன்னேன். பட்டனிலிருந்து உள்ளே போகிற சின்ன வயர் தனியாகக் கிடந்தது. "இது அறுந்தது இல்ல பாய். யாரோ பத்திரமா கயட்டி வச்சிக்கிறாங்க" என்றான். ஆமாம், அழகாகச் சுருட்டி, ஷாஜியா தலைக்குப் போடுகிற ரப்பர் பேண்டால் கட்டி வைத்திருந்தது. மாட்டினோம், எழுந்தது. பத்திரிகையில் ஒரு பெயர் குறையவில்லை. பென் டிரைவில் போட்டு ஆனந்தனிடமே கொடுத்திருக்கிறேன், அச்சகத்தில் சேர்த்துவிடுவான். எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அவள் படியிறங்கி வருகிற சத்தம் கேட்டதும் என் கை தானாக அந்த வயரைக் கழற்றி, அதே ரப்பர் பேண்டைப் போட்டு, மூடியை மூடிவிட்டது. சிராஜிடம் இதைச் சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழமை வரட்டும், அரை மணி போதாது, நிதானமாகவே பார்க்கட்டும். ஷாஜியாவும் வீட்டிலேயே இருக்கட்டும், ஸ்க்ரூ எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டுமில்லையா.